கையெழுத்துப் போட்டதால் நீங்கள் திருடி ஆகிவிடவில்லை

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 36. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பச்சை இலைக் கணக்கு எழுதும் வேலை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

மாதச் சாமான் வாங்க ஊட்டியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பை கிடையாது என்பதால் வழக்கம்போல வீட்டிலிருந்து துணிப்பை கொண்டுபோனார். கடையில் கூடை எதுவும் காலியாக இல்லை. எடுத்த சாமானைத் துணிப்பையிலேயே போட்டுக்கொண்டு வந்து, கவுண்டரில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, 1,146 ரூபாய்க்குப் பில் போட்டுப் பணமும் கட்டிவிட்டார். வாசலில் செக்யூரிட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பையில் பில்லில் இல்லாத எதுவும் இல்லை. ஆனால் ஸ்வெட்டர் பாக்கெட்டில் ஒரு நீலகிரித் தைலப் புட்டி இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் குன்னூரில் வாங்கியது, பாதி தீர்ந்தது. அதே கம்பெனித் தைலம் அந்தக் கடை அலமாரியிலும் இருந்தது.

அவ்வளவுதான். 'திருடி' என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தி, பின்னால் சரக்கு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஒரு பெண் ஊழியர் சால்வையை உருவி உடம்பைத் தடவிப் பார்த்திருக்கிறார். 'தவறுதலாக எடுத்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு 2,000 ரூபாய் கட்டினால் விடுகிறோம், இல்லையென்றால் போலீஸ் என்றார் மேனேஜர். ஐந்தரை பஸ்ஸை விட்டால் வீட்டில் பிள்ளை தனியாக இருக்கும் என்ற பயத்தில் இவர் எழுதிக் கொடுத்துவிட்டு, மேனேஜர் காட்டிய நம்பருக்கு ஜிபேயில் பணம் அனுப்பினார். 'அபராதம் கட்டிட்டீங்கல்ல, இதையும் எடுத்துட்டுப் போங்க' என்று தைலப் புட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ எடுத்த வீடியோ மறுநாள் ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது. 12 நாள் ஆகிறது. கணவர் 'விட்டுத் தொலை' என்கிறார். தம்பி 10 லட்சம் கேட்டு மான நஷ்ட வழக்குப் போடச் சொல்கிறார். இவர் கேட்பது: 'நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே, இனி என்ன செய்ய முடியும்? கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா? நான் கிளம்பினால் அந்தக் கடிதத்தை வைத்து என் மேலேயே கேஸ் போட்டுவிடுவார்களா?'

சகோதரி, உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் 'நான் ஏன் அப்போதே எதிர்த்துப் பேசவில்லை' என்று உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சாத்திய கதவு, சுற்றி நாலு பேர், கையில் சாமான், மனசெல்லாம் பஸ்ஸிலும் பிள்ளையிலும். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் வெளியே போகும் வழியைத்தான் பார்ப்பார்கள். நீதிமன்றத்துக்கும் அது புரியும். நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் இல்லை. விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். இனி வேலையைப் பார்ப்போம். அதில் ஒன்றுக்கு அவசரம்.

கேமரா பதிவுதான் முதலில்

கடை கேமராக்களின் பதிவு ரொம்ப நாள் இருக்காது. ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். சில இடங்களில் 15 நாள், சில இடங்களில் ஒரு மாதம். 12 நாள் போய்விட்டது. வக்கீல் வைப்பதா, என்ன வழக்கு என்று வீட்டில் பேசி முடிக்கிற வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஒரு வெள்ளைத்தாளில் இப்படி எழுதுங்கள்: 'இன்ன தேதி மாலை 3.30 மணி முதல் 5 மணி வரை உங்கள் கடையின் நுழைவாயில், தைல அலமாரி, பில் கவுண்டர், சரக்கு அறை வாசல் ஆகிய இடங்களின் கேமரா பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இவை சட்ட நடவடிக்கைக்குத் தேவைப்படும் சாட்சியம். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு அவை அழிந்தால் அதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவருவேன்.' இதை ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். கடைக்கு மெயில் ஐடி இருந்தால் அதற்கும் அனுப்புங்கள். கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம்.

அப்புறம் பில்லை எடுத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பில் நேரம் 4.08. ஜிபே ரசீதில் 4.51. பணம் கட்டி முடித்த ஒருவர் 43 நிமிடம் கழித்தும் அந்தக் கடைக்குள்ளேயே இருந்திருக்கிறார் என்பதற்கு இந்த இரண்டு காகிதமும் போதும். இன்னொன்றையும் கவனித்தேன். பணம் போயிருப்பது கடையின் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் பெயருக்கு. அந்த ரசீதைத் தனியாகச் சேமித்து, ஒரு பிரிண்டும் எடுத்து வையுங்கள்.

தைலப் புட்டியை இனி தொடாதீர்கள். தலைவலி என்றாலும் வேறு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு மீதி இருக்கிறது, லேபிளில் பேட்ச் எண்ணும் பேக் செய்த தேதியும் என்ன என்று தெளிவாகப் படம் எடுத்து, ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி வையுங்கள். அன்று அந்தக் கடையில் இருந்த சரக்கு வேறு பேட்ச் என்றால், அவர்களுடைய கொள்முதல் பில்லே உங்களுக்குச் சாட்சி சொல்லும். பேட்ச் ஒன்றாகவே இருந்தாலும், அலமாரியிலிருந்து எடுத்த புதுப் புட்டி பாதி காலியாக இருக்காது. குன்னூரில் வாங்கிய கடைக்காரருக்கு உங்களை ஞாபகம் இருக்கிறதா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடைக்காரருக்கு எதுவரை உரிமை

'சோதனை செய்ய எங்களுக்கு உரிமை உண்டு' என்று வாசலில் போர்டு இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். போர்டு எழுதி வைப்பதால் யாருக்கும் போலீஸ் அதிகாரம் வந்துவிடாது. பில்லைக் காட்டச் சொல்லலாம், பையைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்கலாம். நீங்கள் சம்மதித்தால் பார்க்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் போலீஸைக் கூப்பிடலாம். நியாயமாகச் சந்தேகப்பட்டு மரியாதையாகக் கேட்ட கடைக்காரர் மேல் வழக்குப் போட முடியாது, போடவும் கூடாது. திருட்டால் நஷ்டப்படுகிற சின்னக் கடைக்காரர்களை எனக்கும் தெரியும்.

தனி நபர் ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் ஒரு இடம் இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் கண் முன்னால் நடந்தால் பிடிக்கலாம். பிடித்தால் தாமதிக்காமல், 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் முறை, பொருளும் திரும்பக் கிடைத்துவிட்டது என்றால், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் தண்டனையே சமூக சேவைதான். அந்த வகையை ஜாமீனில் விடக்கூடியதாகத்தான் சட்டம் வைத்திருக்கிறது. ஆக, ஒரு தைலப் புட்டிக்காக உங்களைப் பிடித்து வைத்ததை 40ஆம் பிரிவைச் சொல்லி நியாயப்படுத்துவது கஷ்டம்.

அதைவிட முக்கியம், அவர்கள் கடைசி வரை போலீஸைக் கூப்பிடவே இல்லை. 'போலீஸ் வரும் வரை வைத்திருந்தோம்' என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. போன் போடாமல், எழுதி வாங்கி, பணம் வாங்கி அனுப்பினார்கள் என்பதே உங்கள் பக்கத்தின் பெரிய பலம்.

உடம்பைத் தடவிச் சோதித்தது பற்றித் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம். போலீஸே ஒரு பெண்ணைச் சோதிப்பதென்றாலும் பெண் காவலர்தான், அதுவும் கண்ணியம் கெடாமல் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கடை ஊழியருக்கு, அவர் பெண்ணாக இருந்தாலும், சம்மதம் இல்லாமல் உங்கள் மேல் கை வைக்க எந்த அதிகாரமும் இல்லை. புகாரில் இதையும், செக்யூரிட்டி மணிக்கட்டைப் பிடித்ததையும் நடந்தது நடந்தபடி எழுதுங்கள். எந்தப் பிரிவு பொருந்தும் என்பதைப் போலீஸும் வக்கீலும் பார்த்துக்கொள்வார்கள்.

எழுதிக் கொடுத்த கடிதமும் 2,000 ரூபாயும்

உங்களை அதிகம் அரிப்பது இதுதான். மிரட்டி வாங்கிய ஒப்புதலை நம்பித் தண்டிக்க நீதிமன்றத்தால் முடியாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியமின் 22ஆம் பிரிவு, அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதலைச் செல்லாது என்கிறது. மேனேஜர் 'அதிகாரத்தில் இருப்பவர்' ஆவாரா என்று அவர்கள் வக்கீல் கேட்கலாம். அந்த வாதத்தில் அவர்கள் ஜெயித்தாலும், சாத்திய அறையில் தனி ஆளிடம் எழுதிக் கொடுத்த ஒப்புதல் பலவீனமான சாட்சிதான். தானாக மனம் வந்து எழுதியது என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும். இன்னொன்று: திருட்டு என்றால் நேர்மையில்லாத எண்ணத்தோடு எடுத்திருக்க வேண்டும். 'தவறுதலாக எடுத்துவிட்டேன்' என்று அவர்களே சொல்லி எழுத வைத்த வாசகத்தில் அந்த எண்ணமே இல்லை.

அந்த 2,000 ரூபாயை நீங்கள் 'அபராதம்' என்றே எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள். அபராதம் விதிக்க எந்தக் கடைக்கும் அதிகாரம் இல்லை. போலீஸில் மாட்டிவிடுவேன் என்று பயமுறுத்திப் பணம் வாங்குவது நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் வரும் மிரட்டிப் பணம் பறித்தல் குற்றம். 7 வருடம் வரை சிறை. பணம் தனி ஆளின் கணக்குக்குப் போயிருப்பதால் இதைப் போலீஸ் லேசில் ஒதுக்கிவிட முடியாது.

கடிதத்தை வைத்து உங்கள் மேல் கேஸ் போடுவார்களா? முயற்சி செய்யலாம். ஆனால் நீங்கள் முதலில் புகார் கொடுத்திருந்தால், இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்ற கேள்வி அவர்களை நோக்கித் திரும்பும். தம்பி சொல்கிற முன்ஜாமீனுக்கு இப்போது அவசியம் இல்லை. ஸ்டேஷனிலிருந்து போனில் கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். வந்தால் வக்கீலோடு போங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

தம்பி 10 லட்சம் என்கிறார், கணவர் ஒன்றும் வேண்டாம் என்கிறார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நான்கு பக்கத்திலும் நேராகச் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: 'இலை கொண்டுவரும் ஒருவர் நேற்று எடைச் சீட்டை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார்.' அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். உங்களுக்கு முதலில் வேண்டியது உங்கள் பெயர் திரும்பக் கிடைப்பது. பணமும் தண்டனையும் அதற்குப் பிறகுதான். அந்தக் கணக்கில் வழிகளைச் சொல்கிறேன்.

போலீஸ் புகார் கட்டாயம் கொடுங்கள். சட்டவிரோதமாகத் தடுத்தல், அடைத்து வைத்தல் (நியாய சன்ஹிதாவின் 126, 127ஆம் பிரிவுகள்), மிரட்டிப் பணம் பறித்தல், இவை எல்லாவற்றுக்கும் போலீஸே எஃப்.ஐ.ஆர். போட முடியும். சம்பவம் ஊட்டியில் நடந்ததால் ஊட்டிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கோத்தகிரி ஸ்டேஷனிலும் வாங்கி அனுப்பி வைக்க வேண்டும். குறைந்தது, புகார் வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த மனுவும் சுற்றிக்கொண்டு அதே ஸ்டேஷனுக்குத்தான் வரும். கேமரா பதிவு அதுவரை காத்திருக்காது.

நுகர்வோர் ஆணையம் பற்றி உங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. எனக்கு உங்கள் விஷயத்தில் அதிக நம்பிக்கை தருவது அதுதான். நீங்கள் காசு கொடுத்துப் பொருள் வாங்கி, பில் கையில் வைத்திருக்கும் வாடிக்கையாளர். உங்களை நடத்திய விதம் சேவைக் குறைபாடு என்று ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் நடத்தலாம். 2 வருடம் வரை நேரம் இருக்கிறது. இது கிரிமினல் விவகாரம், இங்கே வராது என்று கடை வாதாடும். அதற்குத் தயாராக இருங்கள். இழப்பீட்டோடு எழுத்தில் மன்னிப்பும் கேளுங்கள்.

மான நஷ்டத்துக்கு வருவோம். இதில் தம்பி இரண்டு விஷயத்தைக் கலந்துவிட்டார். கிரிமினல் அவதூறு நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. இதற்குப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடாது. நீங்களேதான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். நடவடிக்கை எடுக்கும் முன் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்வதால் ஆரம்பமே இழுக்கும். நல்லெண்ணத்தில் போலீஸிடம் புகார் சொல்வது அவதூறு ஆகாது. வாடிக்கையாளர்கள் நடுவில் 'திருடி' என்று கத்துவது அதில் சேராது. சிவில் வழக்கு வேறு. கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். 10 லட்சம் கேட்டால் அதற்கு என்ன நஷ்டம் ஆனது என்று காட்ட வேண்டும். வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தத் தொகை உங்கள் செலவைத்தான் ஏற்றும். கெடுவை மட்டும் மறக்க வேண்டாம். அவதூறுக்கும் சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கும் சிவில் வழக்குப் போட ஒரு வருடம்தான். சம்பவ நாளிலிருந்து எண்ணிக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

செலவை நினைத்துத் தயங்குகிறீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வீடியோ

அதை அழிக்கச் சொல்லும் முன் சேமியுங்கள். எந்த நம்பரிலிருந்து வந்தது, எந்த குரூப், என்ன நேரம், கூட என்ன எழுதியிருந்தது, எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் வேண்டும். 'ஊட்டி கடையில் கை வைத்த பெண்' என்று எழுதி அனுப்பியவர் அவதூறுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான். தான் எடுத்ததில்லை, வந்ததை அனுப்பினேன் என்று அவர் தப்பிக்க முடியாது. ஸ்கிரீன்ஷாட்டை நீதிமன்றம் ஏற்க சாக்ஷிய அதினியமின் 63ஆம் பிரிவுச் சான்று வேண்டும், அதை வக்கீல் தயார் செய்வார். உங்கள் போனை மட்டும் மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

சேமித்த பிறகு குரூப் அட்மினிடம் எடுக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு பேசினால் பெரும்பாலும் அன்றே எடுத்துவிடுவார்கள். பதிலுக்குக் கடைப் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். ஒரு வார்த்தை கூடிப்போனால் அவர்கள் உங்கள் மேல் அவதூறு வழக்கோடு வருவார்கள். அதே விஷயத்தைப் போலீஸ் புகாரில் எவ்வளவு விரிவாக வேண்டுமானாலும் எழுதலாம்.

தொழிற்சாலை முதலாளிக்கு விஷயம் இன்னும் போகவில்லை என்றால், வேறு யாரும் சொல்லும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். வெறும் வாயால் வேண்டாம். சி.எஸ்.ஆர். ரசீது, கேமரா பதிவு கேட்டு எழுதிய கடிதத்தின் நகல், பில், ஜிபே ரசீது, நான்கையும் ஒரு ஃபைலில் வைத்துக் கொண்டுபோங்கள். கணக்குப் பார்க்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 4.08, 4.51 என்ற அந்த இரண்டு நேரத்தையும் பென்சிலால் சுழித்துக் காட்டுங்கள். எடைச் சீட்டை இரண்டு தடவை பார்த்தவர் மறுபடி வந்தால் அவரிடமும் காட்டலாம்.

கணவரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அவர் பயம் கோர்ட் வாசல் பற்றியது. கேமரா கடிதத்துக்கும் போலீஸ் புகாருக்கும் நுகர்வோர் மனுவுக்கும் சேர்த்து உங்கள் கையிலிருந்து போவது தபால் செலவும் இரண்டு மூன்று நாள் லீவும்தான். அதற்கு மேல் போவதா வேண்டாமா என்பதைக் கடையிலிருந்து வரும் பதிலைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். பதில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட் மட்டும் நாளை காலையே போகட்டும்.